எல்லோருக்கும் ஒரே விலாசம்

என் தங்கச்சி பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். இதைச் சொல்லிவிட்டு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவரிடமிருந்தும் நான் சுலபமாகத் தப்பியதில்லை.

"ஊசி போடுவாங்களா?"

"இல்லீங்க, அது வேற டாக்டர்."

"மருந்துச் சீட்டாவது எழுதுவாங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப என்னாத்துக்கு டாக்டரு? சும்மா பேருக்கா?"

மணல் எப்படிச் சரிகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் சிரிப்பார்கள். மண் சரிவதைப் பார்க்கப் பல்கலைக்கழகம் வேறு வேண்டுமா, மாரி காலத்தில் இங்கே வந்து நின்றால் போதாதா என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என்னுடையது வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போகிற கோபம். வீட்டுக்கு வந்து என் பெண்சாதியிடம்தான் அதைக் கொட்டுவேன். அவள், "இத அவங்ககிட்டேயே சொல்லியிருக்கலாமே" என்பாள். அதற்கும் கோபப்படுவேன்.

நான் பயந்த ஆள். இதில் மறைக்க ஒன்றுமில்லை. நாங்கள் இருக்கும் மேல் லயம் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒற்றை வரிசை. லயத்தின் பின்புறம், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஆளைப் போல் இரண்டு மடங்கு உயரமான வெட்டு மண். அதற்கு மேலே தேயிலை மலை. லயம் கட்ட இடம் வேண்டுமென்று அந்தக் காலத்தில் மலையின் அடியைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். பங்களாவுக்கு அப்படிச் செதுக்கவில்லை. பங்களாவும் ஆபீசும் பாறை முகட்டில், சமதரையில் இருக்கின்றன.

அந்த வெட்டு மண்ணைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, மழை கனத்தால் வகுப்பில் உட்கார முடியாது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம், ஓடி வந்து, மண் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் ஓடுவேன். ஒரு மாரி முழுவதும் இப்படி ஓடியதைப் பார்த்த வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டார்: "நீ படிக்க வாறியா, இல்ல மலைக்குக் காவல் இருக்கியா?" அடுத்த நாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. தங்கச்சியைப் படிக்க வைக்க அண்ணன் படிப்பை விட்டான் என்று லயத்தில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். நான் பயத்தில் விட்டேன்.

பிறகு தோட்டத்துத் தப்பால் வேலை கிடைத்தது. தினமும் காலையில் டவுன் தபாற்கந்தோருக்கு இறங்கி, தோட்டத்துக்கு வந்த கடிதங்களைத் தோல் பையில் வாங்கி வரவேண்டும். பைக்குப் பூட்டு உண்டு. ஒரு சாவி தபாற்கந்தோரில், இன்னொரு சாவி எங்கள் ஆபீசில் பெரிய கிளாக்கர் ஐயாவிடம். சுமக்கிற என்னிடம் சாவி கிடையாது. ஆபீசில் ஐயா பையைத் திறந்து, பிரித்து, மேசை லாச்சியில் வைப்பார். ஆட்கள் வேலை முடிந்து ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்று கேட்க வேண்டும். ஐயாவுக்கு நேரமிருந்தால் தேடுவார். இல்லாவிட்டால் "நாளைக்கு வா." நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொன்ன கடிதங்கள் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தங்கச்சியின் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் அந்த லாச்சிக்குள் கிடந்ததுதான். நான் நான்கு நாள் ஜன்னலில் நின்று வாங்கினேன். வெளியே எடுத்தபோது அதன் மேல் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் இருந்தது.

ஏன் இப்படி என்றால், எங்களுக்கு விலாசம் கிடையாது. பெயர், தோட்டத்தின் பெயர், டவுனின் பெயர், அவ்வளவுதான். மேல் லயமானாலும் கீழ்ப் பிரிவானாலும் ஆற்றங்கரை லயமானாலும் எல்லோருக்கும் அதே மூன்று வரி. கதவில் இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. அந்த மூன்று வரி கொண்டுபோய் விடுகிற ஒரே இடம் தோட்டத்து ஆபீஸ்.

தங்கச்சி ஆராய்ச்சியை விடப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது ஒரு தைப்பொங்கல் லீவில். அட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவள், பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"கம்பெனி வேலைக்குப் போறேண்ணே."

"டாக்டரா இருந்துகிட்டா?"

"டாக்டரா இருந்துகிட்டுத்தான்."

எனக்குத் தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. வெளிநாட்டில் நாலு வருஷம், திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம், கண்ணாடித் தட்டில் மணலைக் குவித்து, மெல்லச் சாய்த்து, எந்த மணி முதலில் உருள்கிறது, அது எத்தனை மணிகளை இழுத்துக்கொண்டு போகிறது என்று கெமராவில் பிடித்துக் கணக்குப் போட்டவள். அந்தத் தட்டை எனக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறாள். நான் அதைத் தொடவே பயந்தேன்.

"வெரட்டிட்டாங்களா?"

"யாரும் வெரட்டல. வருசா வருசம் தற்காலிகம், தற்காலிகம்னு நீட்டுனாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, நான் எழுதுன கட்டுரையெல்லாம் சேத்துப் படிச்சவங்க பதினோரு பேருண்ணே. அதுல மூணு பேரு என்னோட சேந்து எழுதுனவங்க."

"குடு, நான் பன்னெண்டாவதா படிக்கிறேன்."

"இங்கிலீசுல இருக்கு."

"அப்ப பதினொண்ணாவே இருக்கட்டும்."

உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்த என் பெண்சாதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டேன். மண்சரிவு வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்குகிற வேலை என்றாள்.

"சரிஞ்ச மலை, சரியாத மலை, ரெண்டையும் ஆயிரக்கணக்குல அதுக்குக் காட்டுவோம். மழை எவ்வளவு, சாய்வு எவ்வளவு, மண்ணு என்னா மாதிரி, தண்ணி ஓடக் கான் வெட்டியிருக்கா, ரோட்டுக்காக அடியத் தோண்டுனாங்களா, எல்லாம். பாத்துப் பாத்து அதுவா பழகிக்கும். அப்பறம் புதுசா ஒரு மலையக் காட்டுனா, இது போகும், இது நிக்கும்னு சொல்லும்."

"ஏன் போகுதுன்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒம்போது வருசம் ஏன் ஏன்னு கேட்டுட்டு, இப்ப ஏன்னே கேக்காத ஒண்ண நம்பிப் போறியா?"

"நீ ஏன்னு கேட்டா பயப்படுறே? மழை வந்தா முகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு பின்னால போயி நிக்கிறியே, காரணம் சொல்லத் தெரியுமா ஒனக்கு?"

"எத்தன வருசமா பாத்துகிட்டு இருக்கேன்!"

"அதுவும் அப்படித்தான்."

ரொட்டித் தட்டோடு வெளியே வந்த என் பெண்சாதி சொன்னாள்: "ஒங்க அண்ணன் ஒருத்தரு பத்தாதுன்னு மெசின்ல வேற ஒண்ணு செய்யப் போறீங்களா? அதுவும் மழை பேஞ்சா சாப்பிடாம கெடக்குமா?"

"அதுக்கு வயிறு இல்ல அண்ணி."

"குடுத்து வச்சது."

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து போனேன். பள்ளிக்கூடத்தை விட்டு நான் ஓடியதைப் போல இவளும் ஓடுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன். ஓட எனக்காவது காரணம் இருந்தது, இவளுக்கு என்ன?

அடுத்த வருஷம் அவளுடைய கம்பெனிக்கும் எங்கள் தோட்டத்தை நடத்துகிற கம்பெனிக்கும் ஏதோ பேச்சாகி, எச்சரிக்கையைப் பரீட்சித்துப் பார்க்க எங்கள் தோட்டத்தையும் சேர்த்தார்கள். காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வைத்து எல்லோருடைய பெயர், விலாசம், போன் நம்பர் எழுதினார்கள். மழை கூடும்போது அவரவர் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி போனில் செய்தி வரும் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். காட்டிக்கொள்ளவில்லை.

மாரி வந்தது. மூன்றாம் நாள் மழை விடாமல் கொட்டியது. முற்பகல், நான் லயத்துக்குப் பின்னால் நின்றேன். வழக்கமாக வெட்டு மண்ணின் அடியில் கசிகிற தண்ணீர் அன்று நடுவிலிருந்து வந்தது, பால் தேநீர் நிறத்தில். மேலே நின்ற சவுக்கு மரம் ஒன்று முந்தின நாளைவிட லயத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. லயத்துப் பெண்கள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம் என்று பேச்சு. அப்போது எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் சிணுங்கின.

பச்சை நிறத்தில் ஒரு வட்டம். "உங்கள் வசிப்பிடத்தில் மண்சரிவு அபாயம் இல்லை."

"அப்பாடா" என்றாள் கடைசிக் காம்பரா அக்கா. "நம்ம டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க." கட்டிய பைகளை எல்லோரும் அவிழ்த்தார்கள். அடுப்பில் உலை ஏறியது. நான் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"என்னா பச்ச இது? இங்க வந்து பாரு, தண்ணி நடுவுல வருது!"

"இரு, இரு. ஒன் நம்பரப் பாக்குறேன்." கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம். "அண்ணே, நீ ஆபீசுல இருக்குறதா காட்டுது."

"நான் வீட்டுக்குப் பின்னால நிக்கிறேன்."

"அண்ணியும் ஆபீசுல." திரும்பவும் தட்டினாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "எல்லாருமே ஆபீசுல."

அப்போதுதான் சொன்னாள். ஆட்களின் பட்டியல் வந்தபோது அதைச் சுத்தம் செய்தது அவள்தானாம். ஒரே விலாசம் நூற்றுக்கணக்கான தடவை வந்திருக்கிறது. ஒரு வீட்டில் இத்தனை பேர் இருக்க முடியாது, இது பதிவில் நேர்ந்த பிழை என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் ஒரே வீடாக்கி, எல்லாப் போன் நம்பர்களையும் அந்த ஒரு வீட்டோடு கட்டிவிட்டிருக்கிறாள். அந்த வீடு பாறை முகட்டில் நிற்கிற ஆபீஸ். அது எந்த மழைக்கும் அசையாது. மேல் லயம் இருக்கிற இடத்தில் அவளுடைய வரைபடம் வெறும் தேயிலை என்று காட்டியது. ஆளில்லாத மலை.

என் வாழ்நாளில் வாய் வரைக்கும் வந்து திரும்பிய கோபமெல்லாம் அன்று ஒரே தடவையாக வெளியே வந்தது.

"அந்த விலாசத்த நீ எத்தன தடவ எழுதியிருக்கே? ஸ்கொலர்ஷிப் பாரத்துல, கெம்பஸ் பாரத்துல, பாஸ்போட்டுல! எங்க பொறந்தே நீ? ஆபீஸ் மேசைக்கு அடியிலயா? இத்தன பேரு ஒரே விலாசத்துல இருக்க முடியாதுன்னு ஒனக்கு யாரு சொன்னது? பத்தொம்போது வருசம் நீயே இருந்தியேடி!"

அழுகிறாளோ என்று நினைத்தேன். நினைத்தும் நிறுத்தவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "எல்லாரையும் இப்பவே கீழ அனுப்பு."

நான் காம்பரா காம்பராவாகப் போய்க் கத்தினேன். பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர், "டாக்டரம்மா பச்சன்னு சொல்றாங்க, இவரு என்னமோ செவப்புங்கிறாரு, இவருக்கு எப்பவும் இதே வேலதானே" என்று அடுப்படியை விட்டு நகரவில்லை. அந்தத் தடவை மலை நின்றது. நின்றதால் என் பேச்சு இன்னும் மதிப்பிழந்தது. எனக்கு அதுகூடப் பரவாயில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கதவுக்கு ஒரு இலக்கம் கொடுக்காமல் எங்களை ஒரு லாச்சிக்குள் போட்டு வைத்தவர்கள் ஒரு பக்கம். அந்த லாச்சியிலிருந்து தப்பிப் போய்ப் படித்தவள், திரும்பி வந்து எங்களைப் பிழை என்று அழித்தாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு வாரத்தில் அவளே வந்தாள். மேலிருந்து எடுத்த படத்தில் கூரைகள் தெரிகின்றன, ஆனால் எது மாட்டுக் கொட்டில், எது காம்பரா, எந்தக் கூரைக்குக் கீழே யாருடைய போன் என்று தெரியாது என்றாள். தோட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்று ஆபீசுக்குப் போனாள். நானும் தப்பால் பையோடு அங்கே நின்றேன். பெரிய கிளாக்கர் ஐயா அவளுக்கு நாற்காலி காட்டவில்லை.

"லயத்துக்கெல்லாம் நம்பர் போடணுங்கிறியா பாப்பா?"

"நம்பர் போட வேணாம் ஐயா. யார் எந்தக் காம்பராவுல இருக்காங்கன்னு மட்டும் போதும்."

"இன்னைக்கு எங்க இருக்காங்கன்னு எழுதுவே. நாளைக்கு, எழுதியிருக்கு, வீடு என்னோடதும்பாங்க. தொரை ஒத்துக்க மாட்டாரு."

"மழைக்காகத்தான் ஐயா கேக்குறேன்."

"யாரு எங்க இருக்காங்கன்னு தோட்டத்துக்குத் தெரியும்."

"மெசினுக்குத் தெரியாது ஐயா."

"மெசினுக்கு எதுக்குத் தெரியணும்? லயத்துல ஒருத்தரும் நடமாடிப் படம் கிடம் எடுக்கக்கூடாது. சொல்லிட்டேன்."

அவள் வெளியே வந்தாள். முகம் கறுத்துப் போயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உலகத்தில் எந்தச் சபையிலும் இவளை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இந்த ஆபீசில் மட்டும் பாப்பா. அதைவிட, எங்கே குடியிருக்கிறோம் என்பது வெளியே தெரியக்கூடாத சங்கதியாம்! எங்கள் உயிர் போனாலும் போகலாம், வீட்டு உரிமை மட்டும் வந்துவிடக்கூடாதாம்.

அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாள், பயந்தவன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தேன். ஐயாவிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஐயா, பின்னேரமானா ஜன்னல்ல வந்து ஒங்கள ஒரே தொந்தரவு பண்றாங்க. நீங்க பிரிச்சுக் குடுத்தா நானே கதவுக்குக் கதவு கொண்டுபோய்க் குடுத்துடுறேன்."

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடக்க ஒனக்கு ஆசையா இருக்கு. நட."

அப்படித்தான் எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகக் கடிதம் வாசலுக்குப் போனது. என் சட்டைப் பையில் போன். தங்கச்சி அதில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாசலில் நின்று ஒரு தடவை அமுக்கிவிட்டு, லயத்தின் பெயர், எத்தனையாவது காம்பரா, யார் யார் என்று வாயால் சொன்னால் போதும், அந்த இடம் அவளுக்குப் போய்ச் சேரும்.

ஒரு சிக்கல். எல்லா வீட்டுக்குமா கடிதம் வருகிறது? வராத வீட்டு வாசலில் நிற்க எனக்கு ஒரு சாக்கு வேண்டும். ஆகவே போய் நின்று, "ஒங்களுக்கு இன்னைக்கு ஒண்ணும் வரல" என்று சொன்னேன்.

"வரலன்னு சொல்லவா இம்புட்டு மேட்டுல ஏறி வந்தே?" என்றாள் ஆற்றங்கரை லயத்து மதினி ஒருத்தி.

"வரலன்னா வரலன்னு தெரிய வேணாமா?"

"பாவம், மனுசனுக்கு முத்திப் போச்சு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். நான் திரும்பி நின்று, சட்டைப் பைக்குள் குனிந்து, "ஆத்தங்கரை லயம், அஞ்சாங் காம்பரா" என்று முணுமுணுத்தேன். அதையும் பார்த்துவிட்டாள். அன்று முதல் அந்த லயத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் தங்கள் சட்டைப் பையோடு பேசிக் காட்டும்.

தங்கச்சி கொழும்பிலிருந்து போன் எடுத்தாள். "அண்ணே, நம்ம லயத்துல இருவத்தினாலு காம்பரா காட்டுது. பன்னெண்டுதானே?"

சரியாக அமுங்கியதோ இல்லையோ என்று ஒவ்வொரு வாசலிலும் நான் இரண்டு தடவை அமுக்கியிருந்தேன். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்தத் தடவ நானா அழிக்க மாட்டேன். ஒவ்வொண்ணா கேக்குறேன், நீ சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். காம்பரா மட்டுமல்ல, தண்ணீர் எங்கே கசியும், எந்தக் கான் அடைபட்டிருக்கிறது, எந்த மரம் எப்போதிலிருந்து சாய்கிறது, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள். நான் எதற்கெல்லாம் பயந்தேனோ அதற்கெல்லாம் அவளிடம் ஒரு கட்டம் இருந்தது. பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், அந்த மணல் தட்டை விட்டு வந்ததில் வருத்தமில்லையா என்று.

"இருக்கு. தட்டுல ஏன்னு கேக்க நேரம் இருந்துச்சு." என்றாள். "ஆனா அந்த மணலுக்கு மேல யாரும் குடியிருக்கலண்ணே. தப்பு விட்டா திரும்பக் குவிச்சுக்கலாம்."

அடுத்த மாரியில், ஒரு வியாழக்கிழமை காலை, பையோடு டவுனிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. சிவப்பு. "மேல் லயம். பின் சரிவு. உடனே வெளியேறவும்." ஆபீஸ் என்று இல்லை. தோட்டத்தின் பெயர்கூட இல்லை. மேல் லயம்.

நான் ஓடினேன். ஒன்பதாம் வகுப்பில் ஓடிய அதே பாதையில், பை முதுகில் அடிக்க அடிக்க ஓடினேன். லயத்துக்கு வந்தபோது பன்னிரண்டு கதவுகளும் பூட்டியிருந்தன. எந்தக் கூரையிலும் அடுப்புப் புகை இல்லை. ஒரு ஆள் இல்லை. அந்த மழையில், பூட்டிய வரிசைக்கு முன்னால், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நான் நின்றேன்.

கீழே பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். என் பெண்சாதியும் மற்றப் பெண்களும் கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து நேரே பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கங்காணி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று பாதையை மறித்தாராம்.

"என்னா சொன்னே?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மாவோட மெசினு செவப்புன்னு சொல்லுது, நிறுக்குற வரைக்கும் பொறுன்னு மலைகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்கன்னேன். கூடைய அவரு காலடியில எறக்கி வச்சிட்டு வந்துட்டேன்."

மூன்று மணியளவில் மேலே கருங்கல் லொறி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்பதாம் காம்பராவிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பின் சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உள்ளே வந்து, முன் கதவில் சாய்ந்து நின்றது. அந்தச் சவுக்கு மரம் கடைசிக் காம்பராவின் கூரை மேல் படுத்திருந்தது. உள்ளே ஒரு உயிரும் இல்லை. பள்ளிக்கூடத்து விறாந்தையில் கடைசிக் காம்பரா அக்கா தன் மூன்று பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள்.

நன்றி சொல்லிவிட்டு இத்தோடு முடிக்கலாம். என்னால் முடியவில்லை. பத்து நாள் கழித்து, "ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும் விழலதானே, நீங்க போய் இருக்கலாம்" என்று ஆபீசிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். எட்டாம் காம்பராவின் பின்சுவரில் கை நுழைகிற வெடிப்பு. எங்கள் போன்களில் அந்த எட்டும் இன்னும் சிவப்பு. வேறு இடம் கொடுங்கள் என்றால், இடம் இல்லை என்கிறார்கள். சுற்றிலும் கண் எட்டுகிற வரைக்கும் தேயிலை நிற்கிறது. தேயிலைக்கு இடம் இருக்கிறது. மெசின் எச்சரிக்கை சொல்லும், போக்கிடம் காட்டாது. அது தங்கச்சியின் வேலையும் அல்ல. அது யாருடைய வேலையோ அவர்களுடைய போனில் எப்போதும் பச்சைதான் போலிருக்கிறது.

சேத விவரம் எழுத அரசாங்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். சிங்களத்தில் பேசினார், மரியாதையான பிள்ளை. பள்ளிக்கூட மேசையில் பாரங்களை விரித்துவைத்து, வீடு போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசிக் காம்பரா அக்காவுக்குச் சிங்களம் சரளம் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். பெயர் கேட்டார், எழுதினார். விலாசம் என்ற கட்டத்துக்கு வந்ததும் எங்களைக் கேட்கவே இல்லை. தோட்டத்தின் பெயரை அவராகவே எழுதத் தொடங்கினார்.

நான் என் கையை மேசைமேல், பாரத்துக்கு அருகில் வைத்தேன்.

"மாத்தியா, அது ஆபீஸ். ஆபீஸ் விழவில்லை" என்று ஐயா போட்டுச் சிங்களத்தில் சொன்னேன். "இவங்க வீடு மேல் லயம், பன்னிரண்டாம் காம்பரா."

அவர் தலை நிமிர்ந்தார். "அப்படி ஒரு விலாசம் பதிவில் இல்லையே."

"இல்லைதான். எழுதுங்க."

விறாந்தை ஓரத்தில் நின்ற பெரிய கிளாக்கர் ஐயா தொண்டையைக் கனைத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் கையை எடுத்திருப்பேன். போனைத் திறந்து வரைபடத்தைக் காட்டினேன். பன்னிரண்டு புள்ளிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் குரலைக் கேட்டுத் தங்கச்சி எழுதிய பெயர்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாரத்தைப் பார்த்தார். "இந்தக் கட்டத்தில் இவ்வளவு எழுத இடம் போதாது" என்றார்.

"பின்பக்கம் வெறுமையா இருக்கு மாத்தியா."

அவர் தாளைத் திருப்பினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முழுவதும் எழுதி முடிக்கும் வரைக்கும் நான் கையை எடுக்கவில்லை. பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன், பதினோராம் காம்பரா.